பேர் சொல்லாமல் விட்ட பாட்டு

ரேடியோவில் பாட்டுப் போட ஒரு மனுஷர் வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கு அந்தப் பல் செட் பட்டறையில் ஆறு வருஷமாக நடந்துவந்தது. தீர்ப்பு வரவில்லை. வரவும் விடமாட்டார்கள். தீர்ந்துபோனால் சனிக்கிழமை மத்தியானம் அந்த மூன்று பேரும் வேறு என்னதான் செய்வார்கள்?

பட்டறை பல்லக்காவுடையது. பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு, அது பில் புத்தகத்தோடு சரி. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இவள் பிளாஸ்டரில் வார்ப்பு எடுத்து, மெழுகில் ஈறு செய்து, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, தேய்த்துப் பளபளவென்று திருப்பி அனுப்புவாள். இந்த ஊரில் பாதிப் பேர் சிரிக்கிற சிரிப்பு தன் கைவேலை என்று சொல்லிக்கொள்வாள். அதில் கொஞ்சம் மிகை உண்டு, ரொம்ப இல்லை.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு பல் தேய்க்கிற காற்று மெஷினை அணைத்து, மேஜைமேல் படிந்த வெள்ளைத் தூளை ஈரத்துணியால் துடைத்துவிட்டால் பட்டறை சபையாகிவிடும். சபையில் மற்ற இரண்டு பேர்: ஒருவன் அவளுடைய கொழுந்தன், பார்சல் கம்பெனியில் வண்டி ஓட்டுகிறவன். இன்னொருவர் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். மூவருக்கும் பொதுவாக இருந்தது ஒரே கிறுக்கு. பெரிய கம்பெனி எதுவும் தொடாத, யாரோ மூன்று பேர் நான்கு பேர் கூடி வீட்டிலும் கார் நிறுத்துமிடத்திலும் பதிவு செய்து வெளியிடுகிற பாட்டுகளைத் தேடித் தேடிக் கேட்பது.

சபைக்கு சட்டம் உண்டு. பாட்டைக் கொண்டுவந்தவர் அது யாருடையது என்று முதலில் சொல்லக் கூடாது. பாட்டு முடிந்ததும் பிளாஸ்டர் இறுகுவதற்கு வைக்கிற கடிகாரத்தைத் திருகி, முழுசாக ஒரு நிமிஷம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. முதலில் பேசுகிறவர் மற்றவர்களைத் தன் பக்கம் இழுத்துவிடுவார் என்பது டீச்சரின் கணக்கு. நிமிஷம் முடிந்ததும் ஆளுக்கொரு கழிவுப் பல்லை மேஜைமேல் வைக்க வேண்டும். நிறுத்தி வைத்தால் பாட்டு பிழைத்தது. படுக்க வைத்தால் போயிற்று. அதற்குப் பிறகுதான் பேர். ஆறு வருஷத்தில் அந்த ஒரு நிமிஷத்தை ஒருவரும் மீறியதில்லை. தும்மல் வந்தால்கூட மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள்.

"அண்ணி, என் போனுக்குள்ள இருக்கற மெஷினுக்கு என்னைப் பத்தி எல்லாம் தெரியும்," என்று அன்றைக்கும் ஆரம்பித்தான் கொழுந்தன். "எதக் கேட்டேன், எத பாதியில விட்டேன், எல்லாம். அதுவே தேடிக் கொண்டாந்து குடுத்துருது. நடுவுல ஒருத்தர் உக்காந்து, அன்பு நேயர்களேன்னு இழுக்கறது எதுக்கு?"

"உனக்குப் பிடிச்சதையே அது திரும்பத் திரும்ப ஊட்டும். பிடிக்காதத யாரு குடுப்பா?"

"பிடிக்காதத ஏன் கேக்கணும்?"

"எட்டாவது மாடி குழுவ முதல்ல கேட்டப்போ என்ன சொன்ன? யாரோ பாத்திரம் கழுவறாங்கன்ன. இப்போ வண்டில அதத்தான் போட்டுக்கிட்டு ஊரச் சுத்தற."

கொழுந்தன் காதில் விழாதவன் மாதிரி ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்து உருட்டினான். டீச்சர் தன் பங்குக்கு வந்தார்.

"ஆளு வேணும்தான், ஒத்துக்கறேன். ஆனா சாயங்காலக்காரர் மாதிரி ஆளு வேணாம் பல்லக்கா. பாட்டு ஆரம்பிச்சாலும் மனுஷன் பேச்ச நிறுத்தமாட்டாரு. எந்தப் பாட்டுக்கும் முதல் இருபது செகண்ட் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது."

சாயங்காலக்காரர் என்பது உள்ளூர் நிலையத்தில் சனிக்கிழமை நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை புதுக் குழுக்களின் பாட்டைப் போட்டுவந்தவர். வேறு ஊருக்கு, பெரிய வேலைக்குப் போய்விட்டார். அந்த ஒரு மணி நேரம் மூன்று வாரமாக அனாதையாகக் கிடந்தது.

"பேசட்டும் டீச்சர், பேசிட்டுப் போகட்டும்," என்றாள் பல்லக்கா. "கடைசியில பேரச் சொன்னாரா இல்லையா? யாரு, எங்கேருந்து வர்றாங்க, எத்தன பேருன்னு சொன்னாரா இல்லையா? பாட்ட எந்த மெஷின் வேணாலும் போடும். இது நல்லா இருக்கு, நான் பொறுப்புன்னு சொல்லி ஒரு பேர ஊருக்கே சொல்றான் பாருங்க, அவன்தான் ரேடியோக்காரன்."

இப்படி ஊரை வளைத்துப் பேசுகிறவள் சும்மா இருப்பாளா? அந்த ஒரு மணி நேரத்துக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் எழுதிப் போட்டுவிட்டாள். மேலாளர் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசிப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமை நேரடியாக ஒரு மணி நேரம் நடத்திக் காட்டச் சொன்னார். சரியாக வந்தால் நிகழ்ச்சி அவளுக்கு. வராவிட்டால் கம்ப்யூட்டரில் பாட்டு வரிசை ஏற்றி ஓடவிடப் போகிறார்கள். மூன்றாவது வழி கிடையாது.

அவளுக்கு பயமே இல்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் உண்மை அதுதான். இருபது வருஷமாக பல்லை ராவிக்கொண்டே ரேடியோ கேட்டவள். யார் எங்கே மூச்சு விடுவார்கள் என்பது வரை தெரியும். அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார வேண்டியவள் தான்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை. எந்தப் பாட்டைப் போடுவது என்பதில்தான் சபையில் சண்டை வந்தது.

உப்புத்தாள் என்று ஒரு குழு. மரச்சாமான் பட்டறையில் வேலை செய்யும் மூன்று பேர். ஒரு மேல்தாடை செட்டுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தபோது, இணையத்தில் யாருமே எட்டிப் பார்க்காத ஒரு மூலையிலிருந்து அந்தப் பாட்டு அவளுக்குக் கிடைத்தது. "ஏணியைப் பிடி" என்று பேர். முதல் நாற்பது விநாடிக்கு பாட்டே கிடையாது, பலகையை யாரோ நிதானமாகத் தேய்க்கிற சத்தம். தேய்ப்பு தாளமாக மாறுவது எப்போது என்று பிடிபடுவதற்குள் கிடார் வந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு பெண் குரல், மேலே நிற்கிறவளுக்கு அல்ல, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளுக்காகப் பாடும். பல்லக்கா கேட்டுக்கொண்டே முன்பல் ஒன்றைப் பாதியாகத் தேய்த்துத் தள்ளிவிட்டாள். அந்த செட்டை முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று, அவள் வருத்தப்படவில்லை.

சபையில் போட்டாள். நிமிஷம் முடிந்தது. ஒரு பல் நின்றது, இரண்டு பல் படுத்தன.

"அண்ணி, ரேடியோவுல இதப் போட்டா செட்டு ரிப்பேர்னு தலையில தட்டுவாங்க," என்றான் கொழுந்தன். "பாட்டும் என்னமோ அழுது வடியுது."

"எட்டாவது மாடியோட புதுப் பாட்டு இருக்கே," என்றார் டீச்சர். "மூணு பல்லும் நின்ன பாட்டு. பரீட்சைக்குப் போறப்போ தெரிஞ்ச கணக்கத்தான் போடணும்."

"தெரிஞ்ச கணக்கப் போட நான் எதுக்கு? அதுக்குத்தான் கம்ப்யூட்டர் இருக்கே."

அன்று இரவே அவள் உப்புத்தாளுக்கு எழுதினாள். பாடுகிற பெண் மறுநாள் பதில் போட்டிருந்தாள். இந்த மாதத்தோடு நிறுத்திவிடலாம் என்று இருக்கிறோம் அக்கா, எங்கள் பாட்டை எங்கள் வீட்டில்கூட யாரும் கடைசி வரை கேட்டதில்லை, தாளக்காரன் கருவியை விற்க ஆள் பார்த்துவிட்டான் என்று எழுதியிருந்தாள். பல்லக்கா இரண்டு வரிதான் திருப்பி எழுதினாள். சனிக்கிழமை நாலு மணிக்கு மூன்று பேர் வீட்டிலும் எல்லாரையும் உட்கார வைத்து ரேடியோவைப் போடுங்கள். உங்கள் பேரை நான் சொல்கிறேன்.

சனிக்கிழமை அவள் வீட்டுக்காரர் அவளுடைய உடையை இரண்டு தரம் தேய்த்துக் கொடுத்தார். ரேடியோவில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டதற்கு, கசங்கின துணியில் குரலும் கசங்கும் என்று ஒரு விஞ்ஞானம் சொன்னார். கொழுந்தன் பார்சல் வண்டியிலேயே கொண்டுவந்து நிலையத்து வாசலில் விட்டான். இறங்கும்போது, "அந்த ரம்பப் பாட்ட மட்டும் போட்டுராதீங்க அண்ணி," என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

ஒலிபரப்பு அறை அவளுடைய பட்டறையில் பாதிகூட இல்லை. சுவரெல்லாம் மெத்தை மாதிரி சாம்பல் நிறப் பஞ்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர், வாரக்கணக்கில் தூங்காதவர் மாதிரி ஒரு முகம், மேஜை நிறைய பித்தான்கள். அவர் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான். சிவப்பு விளக்கு எரிந்தால் பேசலாம். ஐந்து மணிக்குச் செய்தி வெளியூரிலிருந்து தானாக வந்து விழும், யாராலும் நிறுத்த முடியாது. அப்புறம் இன்னொன்று: பதினைந்து விநாடி சத்தம் இல்லாமல் போனால் நிலையம் செத்துவிட்டது என்று நினைத்து, மாற்று மெஷின் தானாகவே ஏதாவது ஒரு இசையை ஓடவிட்டுவிடும்.

"பதினஞ்சு செகண்ட் யாரு சார் சும்மா இருப்பா?" என்று சிரித்தாள் பல்லக்கா.

முதல் ஐம்பத்துநாலு நிமிஷத்தை அவள் நடத்திய அழகைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பாட்டின் தலையில் ஏறிப் பேசவில்லை. குழைந்து நெளியவில்லை. எட்டாவது மாடியைப் போட்டாள், மாடியில் லிஃப்ட் கிடையாது என்பதால்தான் அந்தத் தாளக்காரருக்கு அவ்வளவு மூச்சு என்றாள். கண்ணாடிக்குப் பின்னால் வந்து நின்ற மேலாளர் சிரித்ததை அவளே பார்த்தாள். நிகழ்ச்சி கைக்கு வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மேலாளருக்கும் தெரிந்திருக்கும்.

நாலு ஐம்பத்துநாலுக்கு, "இதக் கேளுங்க, அப்புறம் பேசுவோம்," என்று மட்டும் சொல்லி உப்புத்தாளைப் போட்டாள். பலகை தேய்க்கும் சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டாள். கிடார் வந்தது, குரல் வந்தது. இதுவரை எத்தனையோ தடவை கேட்டது, ஆனாலும் அந்தப் பஞ்சு அறையில் அது புதுசாக இருந்தது. ஐந்தரை நிமிஷத்தில் பாட்டு முடிந்தது.

பல்லக்கா ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். கையை மடியில் கோத்துக்கொண்டாள். வாயை இறுக்க மூடினாள். ஆறு வருஷத்து சனிக்கிழமைகள் ஒன்றாகச் சேர்ந்து அவளை அப்படியே உட்கார வைத்துவிட்டன. பாட்டு முடிந்தால் ஒரு நிமிஷம் பேசக் கூடாது, அவ்வளவுதான். எங்கே இருக்கிறோம், எதிரே மைக் இருக்கிறது, சிவப்பு விளக்கு எரிகிறது என்பதெல்லாம் அவள் புத்திக்கு எட்டவே இல்லை.

கண்ணாடிக்குப் பின்னால் ஒலிப்பதிவாளர் இரண்டு கையையும் ஆட்டினார். எழுந்து நின்று ஆட்டினார். கண்ணைத் திறந்தால்தானே! அவர் ஓடிவந்து கதவைத் திறந்தபோது மாற்று மெஷின் விழித்துக்கொண்டு, கடைகளில் போடுவார்களே அந்த மாதிரி ஒரு குழைந்த புல்லாங்குழலை ஊதத் தொடங்கியிருந்தது. பல்லக்கா திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்து ஹெட்ஃபோனை எடுப்பதற்குள், அதை நிறுத்துவதற்குள், ஐந்து மணி அடித்து வெளியூர்க்காரர் செய்தி வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

அவளுக்கு முதலில் உறைத்தது நிகழ்ச்சி போயிற்றே என்பது அல்ல, அது பிறகுதான் நினைவுக்கு வந்தது. பேரைச் சொல்லவில்லை. உட்கார வைத்த குடும்பங்கள் மூன்றும் ரேடியோவைச் சுற்றி இன்னும் உட்கார்ந்திருக்கும். பாட்டு வந்தது, பேர் வரவில்லை, புல்லாங்குழல் வந்தது. பேர் சொல்கிறவன்தான் ரேடியோக்காரன் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். தன்னையே ஒரு அறை விடலாம் போல இருந்தது.

மேலாளர் உள்ளே வந்தார். திட்டுவார் என்று நினைத்தாள். திட்டவில்லை, அதுதான் ஆச்சரியம்.

"எனக்கும் முதல் நாள் நாக்கு ஒட்டிக்கிச்சு," என்றார். "ஒண்ணும் கெட்டுப்போகல. அம்பத்துநாலு நிமிஷம் பிரமாதம். ஆனா முதலாளி கேட்டுக்கிட்டிருப்பார். அறிவிப்பாளர் தப்புன்னு தெரிஞ்சா அவர் அடுத்த நிமிஷமே கம்ப்யூட்டர ஏத்தச் சொல்லிருவார். அதனால மெஷின் மேல பழியப் போட்டுருவோம். அஞ்சு அஞ்சுக்கு வானிலைய நீங்களே வாசிங்க, கடைசியில இத ஒரு வரி சேத்துக்குங்க. அடுத்த சனிக்கிழமை வந்துருங்க."

அவர் நீட்டிய தாளில் மழை, காற்று, வெப்பம் எல்லாம் வரிசையாக இருந்தன. கீழே பேனாவால் எழுதியிருந்தது: சற்று முன் தொழில்நுட்பக் கோளாறால் ஏற்பட்ட தடங்கலுக்கு வருந்துகிறோம்.

"அந்தப் பாட்டோட பேரு சார்?"

"அதத் தொடவேணாம். பேரு சொல்லலேன்னு நாமளே ஏன் ஞாபகப்படுத்தணும்? கோளாறுன்னா கோளாறு. அந்தப் பாட்ட மறந்துருங்க. இன்னொரு நாள் வேற பாட்டு."

"அடுத்த வாரம் அதே பாட்ட மறுபடி போட்டு…"

"அதே பாட்டா? கோளாறு வந்த பாட்டையா? வேணாம்மா. முதலாளி அதப் பிடிச்சுக்குவார்."

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. வருஷத்துக்கு ஐம்பது சனிக்கிழமை, சனிக்கிழமைக்கு பத்துப் பன்னிரண்டு குழு. ஒரு குழுவை விட்டுக்கொடுத்தால் ஐநூறு குழுவின் பேரைச் சொல்லலாம். டீச்சராக இருந்தால் இந்தக் கணக்கைப் போட்டு அரை நிமிஷத்தில் தலையாட்டியிருப்பார். பல்லக்காவும் போட்டுப் பார்த்தாள். விடை சரியாகத்தான் வந்தது. ஆனால் அந்தப் பாடுகிற பெண் இப்போது தன் வீட்டாரைப் பார்த்து என்ன சொல்லிக்கொண்டிருப்பாள் என்று நினைத்ததும் அந்த விடை அவளுக்கு வேண்டாததாகிவிட்டது.

சிவப்பு விளக்கு எரிந்தது.

வானிலையை அவள் தெளிவாக, நிறுத்தி நிதானமாக வாசித்தாள். கிழக்கே லேசான மழை. காற்று மிதமாக இருக்கும். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"நாலு அம்பத்துநாலுக்கு ஒரு பாட்டு கேட்டீங்க. அதுக்குப் பேரு, ஏணியைப் பிடி. பாடினது உப்புத்தாள். மூணு பேரு, மரச்சாமான் பட்டறையில வேலை பாக்கறவங்க. நல்ல பாட்டு, அதுக்கு நான் பொறுப்பு. முடிஞ்சதும் சத்தம் இல்லாம போச்சே, அது மெஷினோட தப்பு இல்ல, என் தப்பு. நான் அந்தப் பாட்டுக்குள்ளயே உக்காந்துட்டேன். திரும்பச் சொல்றேன், உப்புத்தாள்."

கண்ணாடிக்குப் பின்னால் மேலாளர் கழுத்தை அறுப்பதுபோலக் கையைக் காட்டி நிறுத்து, நிறுத்து என்றார். ஒலிப்பதிவாளர் அந்தப் பக்கம் திரும்பி, கீழே விழாத பேனா ஒன்றை மேஜைக்கடியில் ரொம்ப நேரம் தேடினார்.

விளக்கு அணைந்தது. மேலாளர் கதவருகே நின்று, "இது தேவையா?" என்றார். கோபத்தைவிட வருத்தம்தான் அதில் அதிகம். "கையில இருந்தத நீங்களே தூக்கிப் போட்டுட்டீங்களே."

"தெரியும் சார். தெரிஞ்சுதான் சொன்னேன்."

பல்லக்கா படி இறங்கினாள். ஆசைப்பட்டது கையில் வந்து உட்கார்ந்து, பறந்தும் போயிற்று, வலிக்காமல் இருக்குமா? நன்றாகவே வலித்தது. ஆனால் தலை நிமிர்ந்துதான் இறங்கினாள். அந்த அறையில் தனக்கு உட்காரத் தெரியும் என்று அவளுக்கு இப்போது நிச்சயமாகத் தெரியும். முன்பு நம்பிக்கைதான், இப்போது ஐம்பத்துநாலு நிமிஷத்துக்கு சாட்சி இருக்கிறது. ஊரில் ரேடியோ நிலையம் இது ஒன்றுதானா என்ன?

பார்சல் வண்டி வாசலிலிருந்து கொஞ்சம் தள்ளி, தாறுமாறாக ஓரங்கட்டி நின்றது. கொழுந்தன் ரேடியோவைப் போட்டுக்கொண்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். வண்டி கிளம்பவில்லை.

"வேலை போச்சா அண்ணி?"

"போச்சு."

கை நீட்டி ரேடியோவை அணைத்தான்.

"அந்தப் பாட்டு எனக்கு இப்பவும் பிடிக்கல," என்றான். "சொல்லிட்டேன், அப்புறம் வழக்குல அதையும் சேக்காதீங்க."

"சேக்கல."

"ஆனா என் போன் இதுவரைக்கும் ஆயிரம் பாட்டு குடுத்திருக்கு. பிடிச்சதுதான் எல்லாம். அதுல யாரு பாடினாங்கன்னு கேட்டா பத்து பேருகூட சொல்லத் தெரியாது. இந்த உப்புத்தாள் மட்டும், இனிமே செத்தாலும் மறக்காது."

பல்லக்கா வாய்விட்டுச் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைக்கவும் இல்லை. கொழுந்தன் வண்டியைக் கிளப்பினான்.